மாமி சொல்லாமல் விட்ட வார்த்தை

என் மாமியாரை நினைத்தால், கையில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கும் கோலம்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. எங்கள் ஆட்களில் ஒரு பெண் மௌத்தாகிவிட்டால் அவளைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்த இன்னொரு பெண்தான் வரவேண்டும். பாலக்கரையிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் அதற்கு மாமியைத்தான் கூப்பிடுவார்கள். இறந்தவளின் உடம்பை வெறுங்கையால் தேய்க்கக் கூடாது, திறந்து போட்டுப் பார்க்கவும் கூடாது என்பது முறை. மேலே போர்வை கிடக்கும். மாமி துணி சுற்றிய கையைப் போர்வைக்குள் விட்டுத் தேய்ப்பார். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுவேன். முதலில் இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், கடைசியாகக் கற்பூரத் தண்ணீர். தில்லை நகரில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது என் வேலை. மாமியிடமிருந்து போன் வந்தால் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடுவேன். பல் டாக்டருக்கு இன்றுவரை நான் எங்கே போகிறேன் என்று தெரியாது. சொன்னால் மறுநாள் என் கையால் டீ வாங்கிக் குடிக்க மாட்டார்.

நான் பயந்தாங்கொள்ளி. கல்யாணமாகி வந்த புதிதில் பிணத்தைச் சொல்கிற மையத்து என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் காய்ச்சல் வரும். மாமியோ பல்லியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நின்று ஊரைக் கூட்டுகிறவர், மையத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். "ஏன் மாமி, உங்களுக்குப் பயமே வராதா?" என்று ஒருதரம் கேட்டேன். "செத்தவ என்னத்தடி செய்வா? உசுரோட ஒரு மருமவ வீட்ல இருக்காளே, அவளுக்குல்ல பயப்படணும்" என்றார். அப்படித்தான் பேசுவார். மாமா இறந்த பிறகு, குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் அனுப்புகிற பணத்தில் மாமி, நான், என் நாத்தனார் என்று மூன்று பெண்கள் அந்த வீட்டில் இருந்தோம். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி மாமியின் வாய் காவல் இருந்தது.

குளிப்பாட்டி முடித்துக் கதவைத் திறந்ததும் வெளியே அந்த வீட்டுப் பெண்கள் நின்றிருப்பார்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. ஆனால் எல்லாருடைய கண்ணும் மாமியின் வாய்மேல் இருக்கும். மாமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "லேசா இருந்தாங்க" என்பார். அவ்வளவுதான். அதைக் கேட்டதும் அதுவரை அழாதவர்கள்கூட நிம்மதியாக அழ ஆரம்பிப்பார்கள். உடம்பு லேசாக இருந்தால் நல்ல மௌத்து என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை; குளிப்பாட்டியவள் அதைச் சொல்வது எங்கும் உள்ள வழக்கம். நாலு பேர் சேர்ந்து புரட்ட முடியாத அம்மாளுக்கும் மாமி அதையேதான் சொல்வார். வீட்டுக்கு வந்து இடுப்பில் தைலம் தேய்க்கச் சொல்லும்போது, "லேசா இருந்தாங்கன்னீங்க?" என்று நான் சீண்டுவேன். "அவங்க லேசாத்தான் இருந்தாங்க. என் இடுப்புதான் கனம்" என்பார். மையத்தில் நல்லதைப் பார்த்தால் வெளியே சொல்லலாம், ஐபு, அதாவது குறை, ஏதாவது கண்ணில் பட்டால் நெஞ்சோடு போட்டுப் புதைத்துவிட வேண்டும் என்பது குளிப்பாட்டுகிறவருக்குள்ள சட்டம். மாமி எத்தனையோ வீட்டு ஐபைப் புதைத்தவர். என்னிடம்கூடச் சொன்னதில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு காலையில் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அந்த வீட்டார் எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடியில் வீடு வாங்கிக் குடிபோயிருந்தார்கள். அந்த வீட்டுப் பையனின் தாய்மாமன் எங்கள் ஜமாஅத் தலைவர். மருமகள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டாள் என்றார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத பெண். முசிறியிலிருந்து தாய் வந்துகொண்டிருக்கிறாள், அவள் வந்து சேருவதற்குள் குளிப்பாட்டி முடித்துவிடுங்கள் என்றார்கள். எதற்கு அந்த அவசரம் என்று எனக்கு அப்போதே நெருடியது. பெற்றவள் வந்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்ற வேண்டாமா?

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். போர்வைக்குள் போன மாமியின் கை நின்றுவிட்டது. அப்படி நின்று நான் பார்த்ததில்லை. என்னைப் பார்க்காமலே, "ஒரு பக்கமா சாய்ச்சுப் பிடி" என்றார். சாய்த்தபோது போர்வை விலகியது. முதுகில் பச்சையாகவும் மஞ்சளாகவும் கருநீலமாகவும் கன்றிப்போன தடங்கள் இருந்தன. ஒரு தடவை வழுக்கி விழுந்த உடம்பில் இத்தனை நிறம் எப்படி வரும்? கழுத்துக்குப் பின்னால் விரல் விரலாகப் பதிந்திருந்தது. என் கையிலிருந்த குவளை கீழே விழுந்து உருண்டது. கதவுக்கு வெளியே நின்ற ஓர் ஆண் குரல், "என்னாச்சு? சீக்கிரம் முடிங்க" என்றது. மாமி குவளையை எடுத்து என் கையில் கொடுத்தார். மீதி நேரம் முழுக்க அந்தப் பெண்ணின் முதுகை, தூங்குகிற குழந்தையைத் தடவுவதுபோல அத்தனை மெதுவாகத் தேய்த்தார்.

நாங்கள் கதவைத் திறந்தபோது அந்தத் தாய் வந்து நின்றிருந்தாள். பஸ்ஸில் வந்த புழுதியோடு, பர்தாகூடச் சரியாகப் போடாமல் நின்றிருந்தாள். பக்கத்தில் பையன் வீட்டுப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாரும் மாமியின் வாயைப் பார்த்தார்கள். மாமி முந்தானையில் கையைத் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு என் கையைப் பிடித்து இழுத்தபடி படியிறங்கிவிட்டார்.

அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஐபைச் சொல்லக் கூடாது என்ற சட்டத்தை அவர் மீறவேயில்லை. ஆனால் வழக்கமாகச் சொல்கிற அந்த நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வேண்டுமென்று செய்தாரா, தொண்டை அடைத்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, "வரலடி, என்னமோ வரல" என்றுதான் சொன்னார். முசிறித் தாய்க்கு அது போதுமானதாக இருந்தது. அன்றைக்கே அடக்கம் நடந்துவிட்டது. மறுநாள் அவள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார்ந்தாள். "குளிப்பாட்டின அம்மா லேசா இருந்தான்னு சொல்லல. என் புள்ளைய என்னமோ பண்ணிருக்காங்க" என்று அவள் சொன்னபோது அங்கிருந்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் கல்யாணமான புதிதில் இறந்த பெண் என்பதால் விஷயம் கோட்டாட்சியரிடம் போயிற்று. கபரைத் தோண்டி உடம்பைப் பரிசோதிப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன்னால் குளிப்பாட்டிய எங்கள் இரண்டு பேரையும் விசாரிக்கக் கூப்பிட்டார்கள்.

அந்தத் தகவல் எங்களுக்கு வருவதற்கு முன்பே ஜமாஅத் தலைவருக்குப் போய்விட்டது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு அவரும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்கூடத்தில் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்; நாங்கள் உள்ளே திரைக்குப் பின்னால் நின்றோம். திரைக்குக் கீழே தலைவரின் காலணி தெரிந்தது. கழற்றாமல் உள்ளே வந்திருந்தார். பேசியது முழுக்க ஹஜ்ரத்தான். என் வீட்டுக்காரருக்கு ஓதிக்கொடுத்தவர், எங்கள் நிக்காஹை நடத்தியவர், தங்கமான குணம் என்று ஊரே சொல்லும். கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். குழந்தைக்குச் சொல்வதுபோலத் தன்மையாகச் சொன்னார்.

"உங்களைப் பொய் சொல்லச் சொல்லலம்மா. அல்லாஹ் மேல ஆணையா நான் அப்படிச் சொல்வேனா? எல்லா மையத்துக்கும் ஒரு வார்த்தை சொல்வீங்கல்ல, லேசா இருந்தாங்கன்னு, அதை அந்தப் புள்ளைக்குச் சொல்ல மறந்துட்டீங்க. அதை இப்பப் போய்ச் சொல்லிடுங்க. மையத்தோட ஐபை மறைக்கிறவங்களுக்கு மன்னிப்பு உண்டுன்னு உங்களுக்குத் தெரியாததா? கபரைத் தோண்டி, ஒரு பொம்பளப் புள்ள உடம்பை ஆம்பளைங்க முன்னால போட்டு அறுக்கணுமா? அந்தப் பாவம் உங்களுக்கு வேணுமா?"

திரையை இறுகப் பிடித்திருந்த மாமியின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அப்போது தலைவர் தொண்டையைச் செருமினார். "மகளுக்கு நிக்காஹ் வருதுல்ல?" என்றார். "மாப்பிள்ளை ஊரு ஜமாஅத்துக்கு நம்ம பள்ளிவாசல்லேர்ந்து கடிதாசி போகணுமே. போயிடும், போயிடும். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

என் நாத்தனார் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நிக்காஹ் நிச்சயமாகி, பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டிருந்தது. பெண்ணின் ஜமாஅத் கடிதம் கொடுக்காவிட்டால் எந்த ஊர்ப் பள்ளிவாசலிலும் நிக்காஹ் நடத்த மாட்டார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி என்னவோ இருக்கிறது என்றுதான் ஊர் பேசும். மாமி திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, "சரிங்க ஹஜ்ரத்" என்றார். வாயால் வீட்டைக் கட்டிக் காத்த அந்த மனுஷியின் குரல் அப்படிக் கம்மியதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை என்னவென்று சொல்வது? கதவு தட்டினால் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பால்காரராகத்தான் இருக்கும். ஆனாலும் திறக்கப் போகிறவளின் கால் தயங்கும். சந்து முனையில் ஒரு பைக் நிற்க ஆரம்பித்தது. யார், எதற்கு நிற்கிறார்கள் என்று தெரியாது. வேறு எதற்காகவோகூட நின்றிருக்கலாம். நான் கிளினிக்குக்குப் போகும்போது அதைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வேன். குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். அவருக்கும் சொல்லிவிட்டிருக்கிறார்கள். "அம்மாவைப் பேசாம இருக்கச் சொல்லு. நான் ஊர்ல இல்ல. எதாச்சும் ஒண்ணுன்னா யாரு வருவா?" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை, அவருக்கும் பயம்தான். கடல் தாண்டிப் போய்ப் பிடித்திருந்தது அந்தப் பயம்.

வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். மாமி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்கு முன் பேசும் பயான் ஒலிபெருக்கியில் எப்போதும் கேட்கும், எப்போதும் நாங்கள் எங்கள் பாட்டுக்கு வேலை செய்வோம். அன்றைக்கு ஹஜ்ரத் மையத்தின் ஐபை மறைப்பதன் சிறப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மாமியின் கை நின்றது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஒரு பெண்ணின் மானத்தைச் சந்திக்கு இழுப்பவர்களின் கபர் எப்படி இருக்கும் என்று அந்தத் தன்மையான குரல் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு போயிற்று. பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகச் சாத்தப்பட்டது. மாமிக்குக் கபர் வேதனையை, செத்த பிறகு குழிக்குள் கிடைக்கிற தண்டனையை, நினைத்து நிஜமாகவே பயம். போலீஸுக்கோ தலைவருக்கோ பயந்ததைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தார். "நான் வாயைத் திறந்தா அல்லாஹ்கிட்ட மாட்டிக்குவேனாடி? தொறக்காட்டியும் மாட்டிக்குவேனாடி?" என்று என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும்? பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? வெங்காயத்தின் சாக்கில் இரண்டு பேரும் அழுதோம்.

விசாரணைக்குப் போகிற காலையில் மாமி கருப்புப் புர்காவை எடுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்ன ஓதுகிறார் என்று பக்கத்தில் போய்க் கேட்டால், "லேசா இருந்தா, லேசா இருந்தா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடம் செய்வதுபோல. என் நாத்தனார் அதைக் கேட்டுக்கொண்டே வாசலில் நின்றாள். அவள் அதிகம் பேசமாட்டாள். மாமி எல்லாருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அவளுக்கு இடமே இருந்ததில்லை.

"அம்மா," என்றாள். "நாளைக்கு நானும் ஒரு வீட்டுக்குப் போறேன். எனக்கு எதாவது ஆச்சுன்னா, என்னைக் குளிப்பாட்டுறவளும் லேசா இருந்தான்னு சொல்லிட்டுப் போயிடணுமா?"

"வாயக் கழுவுடி!" என்று மாமி அலறினார். அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது, அன்றைக்குப் போர்வைக்குள் நின்றதுபோல. பிறகு மகளின் முதுகைத் தடவ ஆரம்பித்தார். தடவிக்கொண்டே இருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் பிரித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பஸ்ஸை ஒட்டித் தலைவரின் வெள்ளைக் கார் வந்தது. முன்சீட்டில் ஹஜ்ரத் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை; தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ அம்மாமண்டபம் வருமா என்று கேட்டார்கள், கண்டக்டர் சில்லறைக்குக் கத்தினார், வெளியூர் சனம் ரங்கநாதரைப் பார்க்கும் அவசரத்தில் முண்டியடித்தது. எங்களைச் சுற்றி எல்லாம் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது. மாமி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கிவிட்டது.

கோட்டாட்சியர் அலுவலக வாசல் பெஞ்சில் எங்களுக்கு முன்பே ஹஜ்ரத் வந்து உட்கார்ந்திருந்தார். தலைவர் காரிலேயே இருந்தார். மாமியைக் கண்டதும் ஹஜ்ரத் எழுந்து நின்றார். "அந்தப் புள்ளையோட ஐபு உங்க கையில இருக்கும்மா" என்றார். இப்போது அருகில் பார்க்கும்போது அவர் உதடும் நடுங்கிக்கொண்டிருந்தது. யாருக்குப் பயந்தாரோ, காரில் இருந்தவருக்கோ, மேலே இருக்கிறவனுக்கோ.

மாமி நின்றார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "அது அந்தப் புள்ளையோட ஐபு இல்லீங்க ஹஜ்ரத்" என்றார். "அவ மேல ஒரு குறையும் நான் பாக்கல. அடிச்சவன் ஐபு அது. அவன் இன்னும் மௌத்தாகலையே. அதை மறைக்கச் சொல்லி எங்க இருக்குன்னு சொல்லுங்க, மறைச்சுடறேன்."

அதற்குள் எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி ஒரு பெண்மணி. மாமி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டிச் சொன்னார்: இங்கே, இங்கே, கழுத்துக்குப் பின்னால் இங்கே. இடையில் தண்ணீர் கேட்டார், ஆனால் நிறுத்தவில்லை. நானும் சொன்னேன். கடைசியாக அந்த அம்மாள், "யாராவது உங்களை மிரட்டினாங்களா?" என்று கேட்டார். மாமி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இல்லீங்கம்மா, யாரும் இல்ல" என்றார். இருந்த தைரியமெல்லாம் அந்தப் பெண்ணுக்கே செலவாகிவிட்டது. தனக்கென்று அவரிடம் மிச்சமில்லை.

கபரைத் தோண்டினார்கள். மாமி சொன்னது அத்தனையும் அங்கே இருந்தது. பையனைப் பிடித்தார்கள், ஜாமீனில் வந்தான், வழக்கு இன்றுவரை இழுத்துக்கொண்டிருக்கிறது. என் நாத்தனாரின் கடிதம் போகவேயில்லை. அந்தச் சம்பந்தம் முறிந்தது. அவள் அழவில்லை, மாமிதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ரொம்ப நாள் கழித்து முசிறித் தாய் தன் ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம் நடையாய் நடந்து, இந்தப் பெண் என் பொறுப்பு என்று சொல்லி, கடிதம் இல்லாமலே அங்கே வைத்து என் நாத்தனாருக்கு ஒரு நிக்காஹ் முடித்துக் கொடுத்தாள். அந்த இமாம் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பெண்ணுக்குச் சம்மதமா?

எங்கள் பக்கத்தில் மாமியைக் குளிப்பாட்ட யாரும் கூப்பிடவில்லை. தலைவர் அப்படிச் சொல்லியிருந்தார். மையத்து விழுந்த வீட்டுக்கு வேறு எங்கிருந்தோ ஆள் வந்து போகும். மாமி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் வேறொன்று நடக்க ஆரம்பித்தது. மத்தியான நேரத்தில், ஆண்கள் கடைக்குப் போன பிறகு, கல்யாணமான இளம் பெண்கள் ஒவ்வொருத்தியாக வருவார்கள். தயிர் உறை ஊற்ற வேண்டும், தையல் நூல் வேண்டும் என்று ஏதோ சாக்கு. நல்ல வசதியான வீட்டுப் பெண்கள், எதிரில் பார்த்தால் சிரித்துக்கொண்டு போகிறவர்கள். போகும்போது வாசலில் நின்று மாமியிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: "மாமி, எனக்கு எதாவது ஒண்ணுன்னா உங்களைத்தான் கூப்பிடணும்னு எங்க அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். யாரு தடுத்தாலும் வந்துடுங்க." முதல் பெண் சொன்னபோது மாமி பதறிப்போய், "அப்படியெல்லாம் பேசாத, நீ நல்லா இருப்ப" என்றார். அப்புறம் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டார். "வரேன் கண்ணு" என்று மட்டும் சொல்வார். அவர்கள் போன பிறகு கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜமாஅத் தலைவர் வந்துபோன நாளில்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

மாமி மௌத்தாகிவிட்டார். தலைவர் மாறிவிட்டார், அந்த ஹஜ்ரத் வயதாகிச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். புதிய நிர்வாகம் என்னைக் கூப்பிடுகிறது, நானும் போகிறேன்; இப்போது துணியைச் சுற்றிக்கொள்கிறவள் நான். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். போன வாரம் கிளினிக்குக்கு ஒரு பெண் வந்தாள். மருதாணி இன்னும் முழுதாக அழியாத கை. டோக்கன் வாங்கவில்லை. அவளோடு வந்த கணவன் வெளியே பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தான். "நீங்கதானே மையத்துக் குளிப்பாட்டுற அக்கா?" என்றாள். தலையாட்டினேன். என் போன் நம்பரைக் கேட்டாள். நான் சொன்னேன். அவள் கையில் போன் இருந்தது, ஆனால் அதில் ஏற்றிக்கொள்ளவில்லை. கதவைப் பார்த்தபடி நம்பரைத் திருப்பித் திருப்பி வாய்க்குள் சொல்லி, மனப்பாடம் செய்துகொண்டு போனாள்.